கேட்க மறந்த விண்ணப்பம்

என் குரலைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. உண்டு என்ன உண்டு, இருந்தது. காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் வீட்டில் ஜெபமாலை ஆரம்பித்தேன் என்றால் நாலு வீடு தள்ளிச் சோறு வடித்துக்கொண்டிருக்கும் அம்மாள் அங்கிருந்தபடியே பதில் சொல்வாள். கோயிலில் மைக் கெட்டுப்போனால் சாமியார் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார். சாவு வீடோ கொடியேற்றமோ, ஜெபம் சொல்லக் "கூப்பிடு சவரிமுத்துவை" என்பார்கள். அந்தக் குரல்தான் எண்பதுகளின் ஆரம்பத்தில் ஓர் அக்டோபர் மாதம், அதுவும் ஜெபமாலை மாதத்தில், மூன்றாம் தேவரகசியத்தின் பத்து மணிகளுக்கு நடுவில் மக்கர் செய்தது. வாய் அசைகிறது, காற்றுதான் வருகிறது. கூட்டத்தில் ஒரு பிள்ளை சிரித்தது.

"கத்திக் கத்தி ஜெபம் பண்ணா இப்படித்தான் ஆகும். கடவுளுக்கு என்ன காது மந்தமா?" என்றாள் என் மனைவி மேரி. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சித்தரத்தையும் பனங்கற்கண்டும் போட்டுக் கஷாயம் வைத்தாள். மூன்று வாரம் குடித்தேன். குரல் வரவில்லை, கஷாயத்தின் மேல் வெறுப்புதான் வந்தது. அப்புறம்தான் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

தொண்டைப் பரிசோதனை என்றால் பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன், அது வலிக்காது, கொஞ்சம் மானம் போகும், அவ்வளவுதான். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லி, பஞ்சுத் துணியால் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டார். நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி ஒன்றை ஸ்பிரிட் விளக்கில் லேசாகச் சூடு காட்டினார். மூச்சுப் பட்டு மங்காமல் இருக்கத்தான் அந்தச் சூடு. அதை உள்நாக்குக்குப் பக்கத்தில் வைத்து, "ஈ... சொல்லுங்க" என்றார். நாக்கு அவர் கையில் இருக்கும்போது எப்படிச் சொல்வது? குமட்டிக்கொண்டு வந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவர் நாலு தடவை பார்த்துவிட்டு, சீட்டின் பின்புறம் படம் போட்டுக் காட்டினார். தொண்டைக்குள் உதடு மாதிரி இரண்டு மடிப்பு இருக்கிறதாம். குரல் நாண் என்று பெயர். இரண்டும் சேர்ந்து அதிர்ந்தால்தான் பேச்சு.

"ஒரு பக்கத்துல பயத்தம்பருப்பு அளவுக்கு ஒன்னு வளந்திருக்கு. பாண்டிக்குப் போங்க. அத எடுத்துப் பாத்துடறது நல்லது."

எடுப்பது சரி, பார்ப்பது என்னத்தை? எங்கள் பக்கத்தில் அந்த வியாதியின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. "அதுவா இருக்குமா டாக்டர்?" என்றேன், கிசுகிசுவென்று. "பாத்தாத்தான் தெரியும்" என்றார். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. பெரியவளுக்கு இன்னும் வரன் அமையவில்லை, சின்னவன் ஒன்பதாவது படிக்கிறான். வீடு வரும்வரை மேரி என் சட்டைக் கையைப் பிடித்தபடியே நடந்தாள். தெருவில் அப்படி அவள் நடந்ததே கிடையாது.

புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் முதல் மூன்று நாள் பெஞ்சுதான் வாழ்க்கை. ரத்தத்துக்கு ஒரு பெஞ்சு, நெஞ்சுப் படத்துக்கு ஒரு பெஞ்சு, மயக்க மருந்து தாங்குமா என்று பார்க்கிற டாக்டருக்கு ஒரு பெஞ்சு. ஒவ்வொருவர் மடியிலும் பெரிய பழுப்புக் கவர். அடுத்தவர் கவரில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, எந்த ஊர் என்று மட்டும் கேட்பார்கள். மேரி முத்தியால்பேட்டையில் சித்தப்பா மகள் வீட்டில் தங்கி, காலையில் கஞ்சியும் மத்தியானம் குழையக் குழையச் சோறும் கொண்டுவருவாள். நடுவே வேளாங்கண்ணி மாதாவுக்கு வெள்ளித் தொண்டை காணிக்கை போடுவதாக நேர்ந்துகொண்டாள். பிற்பாடு வாங்கப் போனால் காணிக்கைக் கடையில் கண் இருக்கிறது, கை இருக்கிறது, கால் இருக்கிறது, தொண்டை மட்டும் இல்லை. கடைசியில் ஒரு முழு ஆள் உருவத்தை வாங்கி, "தொண்டையும் இதுலதானே இருக்கு, மாதாவுக்குத் தெரியாதா" என்று போட்டுவிட்டு வந்தாள்.

ஆபரேஷன் அன்று நடந்த ஒரு விஷயத்தை மேரி இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள். நான் வேலை பார்த்தது நகராட்சி ஆபீசில். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் காரைக்காலில் எங்களைப் போன்றவர்கள் அதை இன்னும் 'மேரி' என்றுதான் சொல்வோம். அலமாரிச் சாவியை ஒப்படைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன், அதே உறுத்தலோடுதான் மயக்க ஊசி ஏறியது. மயக்கம் தெளியும்போது ஏதோ முனகியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற கன்னியாஸ்திரீ சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டு, "பாருங்க, மயக்கத்துலயும் 'மேரி, சாமி'ங்கிறார், மாதாவத்தான் கூப்பிடுறார்" என்றாராம். "இல்ல சிஸ்டர், என்னைத்தான்" என்று மேரி அழுதாளாம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இரண்டு பேரும் மாறி மாறி இதைச் சொல்லிப் பூரித்தார்கள். நான் சொன்னது 'மேரிச் சாவி'. எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மயக்கத்தின் அடியில் போய்ப் பார்த்தால் அங்கே மாதாவும் இல்லை, மனைவியும் இல்லை, ஆபீஸ் அலமாரிதான் நிற்கிறது. வெட்கமாக இருந்தது, வாயை மூடிக்கொண்டேன். திறக்கவும் முடியாதே.

ஆமாம், இருபத்தொரு நாள் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல் என்றார் டாக்டர். எடுத்த சதையை மெல்லிய தாளாகச் சீவி, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியில் பார்ப்பார்களாம். ரிசல்ட் வரப் பத்து நாள் ஆகும். ஊர் தூரம், அதுவரை வார்டிலேயே இருங்கள் என்றார்கள். மேரி கடைத்தெருவுக்குப் போய் ஒரு சிலேட்டுப் பலகையும் பலப்பமும் வாங்கிவந்தாள். "ஒன்னாங் கிளாஸ்லேருந்து ஆரம்பிங்க" என்று கையில் கொடுத்தாள். சிரிக்கவும் கூடாது என்பதை அவள் அடிக்கடி மறந்துபோவாள்.

வாய் மூடிய முதல் நாள் மாலையே ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். மணி நகர்ந்தது, ஜெபம் நகரவில்லை. சத்தம் போட்டே பழகியவனுக்கு உள்ளுக்குள் சொல்ல வரவில்லை. சரி, விண்ணப்பத்துக்கு வருவோம் என்று நேரே அங்கே போனேன். அது எனக்குப் பழகின இடம். பெரியவளுக்கு வரன், சின்னவனுக்குக் கணக்கு, எனக்கு ஹெட்கிளார்க் பதவி, இப்போது புதிதாகத் தொண்டை. கால் நூற்றாண்டாக இதுதான் என் ஜெபம். காலையில் பூசை, மாலையில் ஜெபமாலை, ஒரு நாள் தவறியதில்லை. ஆனால் எல்லாவற்றின் வாலிலும் ஒரு மனு இருக்கும். 'ஏற்கெனவே சமர்ப்பித்த விண்ணப்பத்தின் மீது தாங்கள் தயவுகூர்ந்து' என்ற தோரணையில், பதில் வராதவற்றுக்கு நினைவூட்டலும் போடுவேன். அன்றைக்கு மனுக்கள் பத்து நிமிஷத்தில் தீர்ந்துபோயின. அதற்கப்புறம் கடவுளிடம் சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. நாற்பது வருஷப் பழக்கம், பேச விஷயம் இல்லை! பயந்துபோனேன். ரிசல்ட்டுக்குப் பயந்ததைவிட இது வேறு மாதிரி பயம்.

மூன்றாம் நாள் மத்தியானம், மேரி இல்லாத நேரம், என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். என் வயதுதான் இருக்கும். தோளில் துண்டு, இடுப்பில் வெற்றிலைச் சுருக்குப்பை.

"காரைக்கா சாருங்களா? நா வரிச்சிக்குடிங்க. கலியபெருமாளு. பொம்பள வார்டுல எம் பொண்டாட்டி அஞ்சலைக்கு வயித்துல ஆப்பரேசன் பண்ணியிருக்கு. நம்ம ஊரு ஆளு படுத்திருக்காருன்னு சொன்னாங்க."

எனக்கு உடனே புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, வீட்டு வரி, ஏதாவது ஒன்று ஆபீசில் இழுபடும். படுக்கையில் கிடந்தாலும் விடமாட்டார்களே! பலகையில் 'என்ன வேண்டும்?' என்று எழுதி நீட்டினேன். அவர் மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினார். முன்னால் பார்த்தார், பின்னால் திருப்பிப் பார்த்தார். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க சார்" என்று சிரித்துக்கொண்டே தலைமாட்டில் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

இப்போது என்னால் பேச முடியாது, அவரால் படிக்க முடியாது. என்ன செய்வது? வயலில் களை மண்டிக் கிடப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். அப்புறம் பேச்சு நின்றது. வெற்றிலையைத் தொடையில் துடைத்து மடித்தார். நாலு மணி அடித்ததும், "வரங்க சார்" என்று எழுந்து போனார். மறுநாளும் இரண்டு மணிக்கு வந்தார், உட்கார்ந்தார், நாலு மணிக்குப் போனார். அதற்கும் மறுநாள் மேரி இருந்தாள். 'இவருக்கு என்ன பேப்பர் வேண்டுமென்று கேள்' என்று எழுதிக் காட்டினேன். அவள் கேட்டாள்.

"பேப்பருங்களா?" அவர் முழித்தார். "ஒன்னும் வேணாங்கம்மா. சும்மாதான் வந்தேன். அஞ்சலையப் பாக்க நாலு மணிக்குத்தான் வுடுவாங்க. சார் தனியா படுத்திருக்காரே, சும்மா கூட ஒக்காந்துட்டுப் போவமேன்னு."

மேரி என்னைப் பார்த்தாள். நான் போர்வையைப் பார்த்தேன். கவுண்டருக்கு முன்னால் ஒரு முகம் தெரிந்தால் 'என்ன வேணும்?' என்பதுதான் என் வாயில் முதலில் வரும். இந்த மனுஷர் என்னைப் பார்க்க வந்தவர், இரண்டு நாளாக அவரை நான் மனுதாரராக ஆக்கி உட்கார வைத்திருந்தேன். கூசிப்போனேன். 'நீ மட்டும் என்ன, உன் சாமியிடம் ஒரு நாளாவது சும்மா போயிருக்கிறாயா?' என்று உள்ளே ஒன்று கேட்டது. யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளும் போனதில்லை.

அன்று மாலை முயன்று பார்த்தேன். ஜெபமாலையைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, 'ஒன்றும் வேண்டாம், சும்மாதான் வந்தேன்' என்று மனசுக்குள் சொன்னேன். சொல்லிவிடுவது சுலபம், இருப்பதுதான் கஷ்டம்! ஐந்து நிமிஷம் தாங்கவில்லை. மின்விசிறியில் எத்தனை பூச்சி ஒட்டியிருக்கிறது என்று எண்ணினேன். வரன் வந்து எட்டிப் பார்த்தது, ஹெட்கிளார்க் வந்து எட்டிப் பார்த்தார். தொண்டையோ போகவே இல்லை. அப்படியே தூங்கிவிட்டேன். மறுநாளும் இதே கூத்துதான்.

அடுத்த நாள் எப்படியோ ஒரு நினைப்பு வந்தது. நாள் முழுக்க ஊர் உலகமே வாசலில் நின்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறதே, அந்தச் சாமிக்கு எப்படி இருக்கும்? கவுண்டரில் உட்கார்ந்தவனுக்குத்தான் அது தெரியும். சாயங்காலம் நாலரைக்கு எவனாவது வந்து, 'சார், டீ சாப்பிட்டீங்களா?' என்று கேட்கமாட்டானா என்று இருக்கும். இத்தனை வருஷத்தில் நான் அவரை எப்படி இருக்கிறீர் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். பதில் ஒன்றும் வானத்திலிருந்து வந்துவிடவில்லை. ஆனால் அதற்கப்புறம் பூச்சி எண்ணத் தோன்றவில்லை. கலியபெருமாள் ஒரு பக்கம் வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருக்க, நான் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். பயம் போய்விடவில்லை, அதுவும் கூடவே இருந்தது. இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது. இதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. கலியபெருமாள் அஞ்சலையை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போன அன்று இரண்டு பேரும் வந்து என் கட்டிலருகே நின்றார்கள். "ஒங்க வூட்டுக்காரரு அதிகம் பேசமாட்டாரு, ஆனா நல்ல பேச்சுத்தொணைங்க" என்று மேரியிடம் சொல்லிவிட்டுப் போனார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பத்தாம் நாள் காலை டாக்டர் ரிசல்ட்டோடு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மேரி விடியற்காலையே வந்துவிட்டாள். முகம் வீங்கியிருந்தது, தூங்கவே இல்லை போலிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு நாலு கட்டிடம் தள்ளி ஒரு சிறிய கோயில் இருந்தது. சிஸ்டரிடம் அனுமதி வாங்கி என்னை அங்கே அனுப்பினாள். டாக்டர் சீக்கிரம் வந்துவிட்டால் ஆள் வேண்டுமென்று அவள் வார்டில் இருந்துகொண்டாள்.

"ஏங்க, அது இல்லன்னு வரணும்னு கேளுங்க. வேற எதையும் கேட்டுக் குழப்பாதீங்க. இது ஒன்னு மட்டும். புரியுதா?"

தலையாட்டிவிட்டுப் போனேன். பூசை முடிந்து கோயில் காலியாக இருந்தது. கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பெருக்குகிற அம்மாள் ஒருத்தி என் காலைத் தூக்கச் சொல்லிப் பெருக்கிக்கொண்டு போனாள். ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்திருந்தது. அரை மணி நேரம் இருந்திருப்பேன். எழுந்து முழங்கால் போட்டுவிட்டு வெளியே வந்து, சாலையைக் கடக்கும்போதுதான் சுருக்கென்றது. கேட்கவில்லை! வந்த காரியத்தைக் கேட்கவே இல்லை! நடு ரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன். சைக்கிள்காரன் ஒருவன் "யோவ், சாவறதுக்கு என் சைக்கிள்தான் கெடச்சுதா?" என்று திட்டிவிட்டுப் போனான்.

வார்டு வாசலிலேயே மேரி நின்றாள். "கேட்டீங்களா?"

பொய் எழுதக் கை வரவில்லை. 'மறந்துவிட்டேன்' என்று எழுதினேன்.

"மறந்துட்டீங்களா? ஐயோ கடவுளே! பலப்பம் வாங்கியாரவா ஒங்கள அனுப்புனேன்? உசுரு விஷயம்ங்க! அரை மணி நேரம் அங்க என்னதான் பண்ணீங்க?" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. "நகருங்க, நானே போறேன்" என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு அடி வைத்தாள். எதிரே டாக்டர் வந்துவிட்டார், கையில் பழுப்புக் கவர். அங்கேயே நின்றபடி பிரித்தார். மேரி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"கேன்சர் இல்ல" என்றார் டாக்டர். எங்கள் ஊரில் யாரும் சொல்லாத அந்தச் சொல்லை அவர் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! "அதிகமா கத்துறதால வர்ற கட்டிதான். ஆனா பழைய குரல எதிர்பாக்காதீங்க. சத்தமா ஜெபம் சொல்றது, பாடறது எல்லாத்தையும் விட்டுடணும்."

மேரி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். நானும் சத்தமில்லாமல் அழுதேன். அவள் போட்ட நேர்ச்சைதான் காப்பாற்றியது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும், அவள் கேட்டது வீணாகவில்லை. நானும் அதற்கப்புறம் விண்ணப்பம் போடாமல் இல்லை. சின்னவனுக்குக் கணக்கு வராதவரை போட்டுத்தானே ஆகவேண்டியிருந்தது? முன்னால் அதுவே வாசல்படியாக இருந்தது, இப்போது உள்ளே போய் உட்கார்ந்த பிறகு நடுவில் ஞாபகம் வந்தால் சொல்கிறேன். குரல் கட்டைக் குரலாகத்தான் திரும்பி வந்தது. தெருவில் ஜெபமாலையை இப்போது தையல்கார லூர்துசாமி சொல்கிறார், பாதியில் மூச்சு வாங்குகிறார். முதல் வாரம் எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்போது கடைசியில் உட்கார்ந்து பதில் சொல்வது சௌகரியமாகவே இருக்கிறது. ரிசல்ட் வேறு மாதிரி வந்திருந்தால் இப்படி நிம்மதியாக எழுதியிருப்பேனா? தெரியாது. ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும், அந்த அரை மணி நேரம் கவர் பிரிவதற்கு முந்தியது.

மறுநாள் ஊருக்குப் புறப்பட்டோம். பேசாமல் இருக்கவேண்டிய நாள் இன்னும் கிட்டத்தட்டப் பாதி பாக்கி இருந்தது, பலகை மடியிலேயே இருந்தது. சிதம்பரம் தாண்டி, தரங்கம்பாடி தாண்டி, பூவத்தில் பஸ் நின்றது. மேரி கடலை வாங்கி உரித்து என் கையில் போட்டாள். நேற்றுக் கேட்டதையே மறுபடி கேட்டாள், ஆனால் இப்போது கோபம் இல்லை.

"நெசமாத்தான் கேக்கறேன். அந்தக் கோயில்ல அரை மணி நேரம் என்ன பண்ணீங்க?"

மடியிலிருந்த பலகையைத் துடைத்துவிட்டுப் பலப்பத்தை எடுத்தேன். பஸ் கிளம்பிவிட்டது. குலுங்குகிற எழுத்தில் 'இருந்தோம்' என்று எழுதினேன்.

மேரி பலகையைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். "தப்பா எழுதிட்டீங்க. இருந்தேன்னு வரணும்" என்று கடைசி எழுத்துகளை அழிக்க விரலை வைத்தாள்.

நான் அவள் விரலைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஒரு முறை பலகையைப் பார்த்தாள், ஒரு முறை என்னைப் பார்த்தாள். ஊர் வரும்வரை அதை யாரும் அழிக்கவில்லை.